காற்பங்கும் முக்காற்பங்கும்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலை நாம் இலக்கண நூலாகவே அறிவோம். எழுத்தையும் சொல்லையும் ஆராயப் புகுமுன், அந்நூலின் தலைவாயிலில் பொதுப்பாயிரம் என்றொரு பகுதி நிற்கிறது. நூலின் இயல்பு, பாடம் சொல்லும் ஆசிரியரின் இயல்பு, சொல்லும் முறை, கேட்கும் மாணவரின் இயல்பு, கேட்கும் முறை என்னும் ஐந்தும் அங்கே பேசப்படுகின்றன. கேட்கும் முறையைப் பற்றி முனிவர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் கூறியதை மாணவர் குறைவறக் கேட்டுக்கொண்டாலும் அவருக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வாரோடு கூடிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்குத் தெளிவாக எடுத்துரைக்கும்போதுதான் நிறையும்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் இப்பகுதியை யாம் தேர்வுக்காக நெட்டுருச் செய்தோம். தமிழையா பிரம்பை மேசைமீது தட்டியபடி ஒப்புவிக்கச் சொல்வார், ஒப்புவித்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். பின்னர்த் தலைநகருக்கு வந்து, புள்ளியியல் கற்று, அதனையே கற்பிக்கும் தொழிலில் 37 ஆண்டுகள் கழிந்த பிறகுதான் முனிவரின் கணக்கு எமக்கு உறைத்தது. உறைக்கச் செய்தவர் எம் வகுப்பில் ஒரு சொல்லும் பேசாதிருந்த ஒரு மாணவி. அவரைப் பற்றியும், கணினித் திரையின் வழியே நடைபெறும் பல்கலைக்கழக வகுப்புகளைப் பற்றியும் யாம் கற்றுக்கொண்டவற்றை, பிள்ளைகளின் படிப்பையே பெருஞ்செல்வமாகக் கொண்டு ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களின்முன் வைப்பது பொருத்தம் என்று கருதுகிறோம்.

அஞ்சலில் வந்த வகுப்பறை

தொலைவிலிருந்து கற்பித்தல் நேற்றுத் தோன்றியதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. யாம் 1983இல் விரிவுரையாளராகப் பணியேற்றபோது, ஊதியத்திற்குத் துணையாக அஞ்சல்வழி மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தும் வேலையையும் ஏற்றுக்கொண்டோம். கரோல் பாகில் யாம் குடியிருந்த ஒற்றை அறை வீட்டிற்கு வாரந்தோறும் ஒரு பழுப்புநிறக் கட்டு வந்து சேரும். அமைச்சகங்களில் தட்டச்சு செய்தோர், எல்லைக் காவலில் இருந்த படைவீரர், கைக்குழந்தையோடு பட்டம் படிக்க முனைந்த தாய்மார் ஆகியோரின் கையெழுத்துகள் அதனுள் இருக்கும். அச்சிட்ட பாடம் அவர்களுக்குப் போகும். பாடத்தின் இறுதியில் உள்ள வினாக்களுக்கு விடை எழுதி அனுப்புவார்கள். யாம் திருத்தி, குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவோம். எம் தெருவிலிருந்த தமிழ்க் குடும்பங்களிலும் இவ்வாறு பட்டம் பெற்ற பெண்மணிகள் சிலர் உண்டு. பிள்ளைகள் உறங்கிய பின் சமையலறை விளக்கில் படித்தவர்கள் அவர்கள்.

அக்கட்டுகளில் வந்த ஒரு விடைத்தாளை யாம் இன்றும் மறக்கவில்லை. அலுவலக எழுத்தர் ஒருவர் நிகழ்தகவுக் கணக்கொன்றைச் சரியாகவே செய்து முடித்திருந்தார். தாளின் ஓரத்தில், விடை சரிதான், ஆனால் மூன்றாம் படியைத் தாம் நம்பவில்லை என்று பென்சிலால் சிறிதாகக் குறித்திருந்தார். யாம் இரண்டு பக்கம் விளக்கம் எழுதினோம். அவர் அதற்கும் மறுப்பு எழுதினார். நான்கு மாதங்களில் ஆறு கடிதங்கள் போய்வந்தன. இறுதியில் அவர் நம்பினார். அந்த மூன்றாம் படியை அதற்குமுன் யாமே நன்கு அறிந்திருக்கவில்லை என்பதும் எமக்குத் தெரிந்தது. அவர் முகத்தை யாம் கண்டதில்லை, குரலைக் கேட்டதில்லை. ஆயினும் அவரைப் போல் நெருங்கிய மாணவர் எம் வகுப்பறையிலேயே சிலர்தாம் இருந்தனர்.

மற்றொன்றையும் அக்காலத்தில் கண்டோம். முதல் இரண்டு பாடங்களுக்கு விடைத்தாள் அனுப்பாதவர் பெரும்பாலும் ஆண்டுத் தேர்வுக்கு வருவதில்லை. படிப்பைக் கைவிடுபவர் அதனை எழுதித் தெரிவிப்பதில்லை. கட்டில் அவருடைய தாள் இல்லாமற்போகும், அவ்வளவே. இக்குறிப்பை யாம் நெஞ்சில் நிறுத்தியிருந்தால் 2020இல் எமக்கு நேர்ந்த பிழை நேர்ந்திராது.

எட்டிய குரல், எட்டாத செவி

பின்வந்த ஆண்டுகளில் கருவிகள் பெருகின. 1984 ஆகஸ்டு 15ஆம் நாள் பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடளாவிய வகுப்பறை நிகழ்ச்சி தூர்தர்ஷனில் தொடங்கிற்று. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடித் தம் பேராசிரியர்களின் விரிவுரைகளைப் பதிவுசெய்து, எவரும் காணும்படி இணையத்தில் வைத்தன. 2017 ஜூலையில் சுவயம் என்னும் தளம் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. தூத்துக்குடியில் இருக்கும் பிள்ளையும் தேஜ்பூரில் இருக்கும் பிள்ளையும் ஒரே பேராசிரியரின் பாடத்தைக் கட்டணமின்றிக் கேட்க முடிவது எளிய செயலன்று. அதனைக் குறைத்துப் பேச எமக்கு மனமில்லை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு கருவியும் ஆசிரியரின் குரலை மேலும் மேலும் தொலைவுக்குக் கொண்டுசென்றது. மாணவரின் குரல் ஆசிரியரை அடையும் வழி அதற்கு ஈடாக அகலவில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் உலகினர்க்கெல்லாம் திறந்துவைத்த இணையப் பாடங்களை ஆராய்ந்த அறிஞர் இருவர் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 2017-18ஆம் கல்வியாண்டில் பதிவு செய்துகொண்டோரில் 100க்கு ஏறத்தாழ 3 பேரே பாடத்தை முடித்தனர். எட்டிப் பார்க்கும் எண்ணத்தோடு மட்டும் பதிவு செய்வோரும் உண்டாதலின் இவ்வெண்ணிக்கை முழுவதையும் தோல்வி என்று கூறுதல் தகாது. என்றாலும், நல்ல விரிவுரை ஒன்றே கல்வியாகிவிடாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேவையில்லை. முனிவர் கூறிய முதற் காற்பங்கு உலகெங்கும் தடையின்றிக் கிடைக்கிறது. மற்ற முக்காற்பங்கை யார் தருவது என்பதே வினா.

திரையின் இருள்

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கல்லூரிகள் மூடப்பட்டன. 37 ஆண்டுகள் கரும்பலகையின்முன் நின்ற யாம், வீட்டின் கூடத்து மூலையில், சுவர்க்கடிகாரத்திற்குக் கீழே ஒரு மடிக்கணினியின்முன் அமர்ந்தோம். திரையில் 64 கருங்கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். முகம் இல்லை. வகுப்பறையில் ஒரு படியை எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மூன்றாம் வரிசையில் ஒருவர் நெற்றியைச் சுருக்குவார். அதைக் கண்டு மீண்டும் ஒருமுறை விளக்குவோம். இங்கே நெற்றிகள் இல்லை. “கேட்கிறதா? விளங்குகிறதா?” என்று கேட்போம். ஐந்தாறு பேர் உடனே விடை தருவார்கள். எப்போதும் அதே ஐந்தாறு பேர். அவர்கள் விடையளித்தால் வகுப்பு முழுவதும் விளங்கிக்கொண்டது என்று கொண்டு அடுத்த படிக்குச் செல்வோம். 55 நிமிடம் இடைவிடாது பேசி முடித்துத் தண்ணீர் அருந்தும்போது, கடமையைக் குறைவறச் செய்துவிட்டதாகவே எண்ணினோம்.

நன்னூலார் ஆகாத ஆசிரியருக்கு நான்கு உவமை கூறுவார். அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் நீர் வார்த்து வளர்க்க, வேலிக்கு அப்பால் சாய்ந்து நின்று வேறொருவர் மனைக்குள் காயை உதிர்க்கும் தென்னை அது. அந்த ஐந்தாறு பேரும் தனியறையும் சொந்தக் கணினியும் வாய்த்தவர்கள் என்பதை யாம் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. எம் காய்களெல்லாம் அவர்கள் மனைக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தன.

அப்பெயர்களுள் ஒன்று தமிழ்ப்பெயர். வட நாட்டில் வகுப்பெடுக்கும் தமிழ் ஆசிரியருக்கு வருகைப் பட்டியலில் ஒரு தமிழ்ப்பெயர் தென்பட்டால் உள்ளம் சற்றே மலர்வது இயல்பு. அப்பிள்ளை மற்றவரினும் சிறந்து விளங்கவேண்டும் என்று அவாவுவதும் இயல்பு. அம்மாணவி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. செப்டம்பர் மாதத்தில் ஒருநாள், நிபந்தனை நிகழ்தகவு பற்றிய ஓர் எளிய வினாவை அவர் பெயர் கூறிக் கேட்டோம். விடை இல்லை. மறுமுறையும் கேட்டோம். விடை இல்லை. “பெயரை இங்கே வைத்துவிட்டு உறங்கப் போய்விட்டாயா?” என்று கேட்டோம். திரையின் ஓரத்தில் சிரிப்புக் குறிகள் சில தோன்றின. அன்று அவருக்கு வருகையில்லை என்று குறித்தோம். அடுத்த இரு வாரங்களில் மேலும் இருமுறை அவ்வாறே நிகழ்ந்தது. அக்டோபரில் அந்தக் கட்டம் திரையில் இல்லை. பருவத்தின் இறுதியில் அகமதிப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே சுழியம் இட்டோம். அக்கறையில்லாத பிள்ளை என்று எண்ணிக்கொண்டோம். விடைத்தாள் வராவிடில் என்ன பொருள் என்பதை 1983இலேயே அறிந்திருந்த கை அதே கைதான்.

மளிகைக் கடையில் கேட்ட பாடம்

2021 தீபாவளிக்குச் சில நாள்கள் முன்பு, தென்னாட்டுப் பொருள்கள் விற்கும் மளிகைக் கடை ஒன்றில் அப்பளமும் நல்லெண்ணெயும் வாங்கிக்கொண்டு பணம் செலுத்தும் இடத்திற்கு வந்தோம். அங்கே நின்ற பெண் எம் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். “வணக்கம் சார். உங்க வகுப்புல படிச்சேன்” என்றார். பெயரைச் சொன்னார். எமக்கு நினைவு வந்தது. இத்தனை நாள் கருங்கட்டமாக இருந்த பெயருக்கு அன்றுதான் ஒரு முகம் கிடைத்தது. ஏன் படிப்பை விட்டார் என்று கேட்டோம். கடையில் கூட்டமில்லாத நேரம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

தந்தை வண்டிகள் துடைப்பவர். தாய் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். ஊரடங்கில் இருவருக்கும் வேலை போயிற்று. வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. காலையில் அவருக்கு வகுப்பு. தம்பிக்குப் பள்ளி வகுப்பு. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிகாபைட் அளவே இணையம். படக்காட்சியைத் திறந்தால் நண்பகலுக்குள் அது தீர்ந்துவிடும். அலைவரிசை மாடிப்படியில்தான் கிடைக்கும். ஒலிவாங்கியைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் கூச்சல் வகுப்பு முழுவதற்கும் கேட்கும் என்ற அச்சம். “நான் எல்லா வகுப்புலயும் இருந்தேன் சார். நீங்க கேட்ட கேள்விக்கு பதில் தெரியும். டைப் பண்ணிக்கிட்டு இருந்தேன். முடிக்கிறதுக்குள்ள நீங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்க” என்றார். குரலில் குறையோ சினமோ இல்லை. மழை பெய்தது, நனைந்தோம் என்பதுபோலச் சொன்னார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். “அய்யோ, அதெல்லாம் வேணாம் சார்” என்று பதறினார். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். வீட்டிற்கு வந்து பையை இறக்கி வைத்தபோது, அப்பெண் கேட்டது உலகில் எவரும் தரக்கூடிய பொருள்தானே என்று எண்ணினோம். புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நிமிடம் காத்திருந்தால் போதுமாயிருந்தது.

காத்திருத்தல் என்னும் கலை

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ என்பவர் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் தம் முடிவுகளை வெளியிட்டார். வினா எழுப்பிய ஆசிரியர் சராசரியாக ஒரு நொடியளவே விடைக்குக் காத்திருந்தார். அதனை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. அதுவரை வாய் திறவாத மாணவரும் பேசினர். முகத்துக்கு முகம் பார்க்கும் வகுப்பறைக்கே மூன்று நொடி தேவையென்றால், அலைவரிசை தடுமாறும் மாடிப்படியில் நின்று சிறு கைப்பேசியில் விரலால் எழுத்துக்கூட்டும் மாணவிக்கு எவ்வளவு தேவை? இப்போது வினா எழுப்பியதும் யாம் தண்ணீர்க் குவளையை எடுத்து மெதுவாக அருந்துகிறோம். ஒரு நிமிடம் முழுதாகக் கழிகிறது. முதலில் அந்த அமைதி எம்மை வருத்திற்று, பிறகு பழகிவிட்டது.

2022இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், முழுவதும் இணையவழியே நடைபெறும் பட்டப்படிப்பு ஒன்றில் மாலை வகுப்பு எடுத்துவருகிறோம். அங்கும் ஒரு பிரிவுக்கு 64 பேர்தாம். மளிகைக் கடையில் கற்ற பாடத்தை அங்கே செயற்படுத்த முனைந்தோம். செய்த மாற்றங்களை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, 55 நிமிட விரிவுரையைக் கைவிட்டோம். எட்எக்ஸ் தளத்தில் மாணவர் படக்காட்சிகளைப் பார்த்த விதத்தை 69 லட்சம் பதிவுகள் கொண்டு ஆராய்ந்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. காட்சி எவ்வளவு நீண்டதாயினும் மாணவர் கவனம் பெரும்பாலும் 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று அது கண்டது. எனவே பாடத்தை ஆறேழு நிமிடத் துண்டுகளாக்கி, ஒலிமட்டும் பதிவு செய்து, நான்கு பக்கக் குறிப்போடு முதல்நாளே அனுப்பிவிடுகிறோம். ஒலிக்கும் குறிப்புக்கும் இணையம் மிகுதியாகச் செலவாவதில்லை. கூடும் நேரம் முழுவதும் வினாக்களுக்கு உரியது. முகம் காட்ட வேண்டும் என்று எவரையும் வற்புறுத்துவதில்லை.

இரண்டாவது, எல்லாரும் ஒரே நேரத்தில் விடையளிக்கும் வினாக்களை அமைத்தோம். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறை இது. நான்கு விடைகளுள் ஒன்றன் எண்ணை மட்டும் ஒவ்வொருவரும் அனுப்பவேண்டும். ஓர் எண்ணை அனுப்ப ஒரு விரல் போதும். கூச்சலும் கேட்காது, கூச்சமும் இல்லை. பாதிப்பேர் தவறாகச் சொன்னால் யாம் விடையை வெளியிடுவதில்லை. நால்வர் கொண்ட குழுக்களாகத் தமக்குள் வாதிட்டு மீண்டும் அனுப்பச் சொல்கிறோம். இரண்டாம் முறை சரியான விடைகள் பெருகுவதைக் காணும்போது, உடன் பயில்வாரால் வரும் காற்பங்கு எங்கே இருக்கிறது என்பது கண்கூடாகிறது.

மூன்றாவது, கையால் செய்யும் வேலையைக் கொடுத்தோம். நிகழ்தகவின் முதற் பாடத்தில், பாதி மாணவர் ஒரு நாணயத்தை 20 முறை சுண்டி, தலையா பூவா என்று வரிசையாக எழுதி அனுப்பவேண்டும். மறுபாதியினர் நாணயத்தைத் தொடாமல், சுண்டியதுபோலக் கற்பனையாக 20 எழுதவேண்டும். யார் எதைச் செய்தார் என்பதை எமக்குச் சொல்லக் கூடாது. வந்த வரிசைகளைப் பார்த்து, எது நாணயம் எழுதியது, எது மனிதர் எழுதியது என்று பெரும்பாலும் சரியாகவே பிரித்துவிடுவோம். மாணவர் வியப்பர். இரகசியம் எளிது: 20 முறை சுண்டும்போது ஒரே பக்கம் தொடர்ந்து நான்கு முறையோ அதற்கு மேலோ விழுவது 100க்கு 77 வாய்ப்புடையது. கற்பனையாக எழுதுபவரோ நான்கு பூ தொடர்ந்து எழுத அஞ்சுவார்; தற்செயல் என்றால் மாறி மாறித்தான் வரும் என்று நம்புவார். ஏன் அவ்வாறு என்று அவர்களே கணக்கிட்டுக் காட்டவேண்டும் என்பது அடுத்த வேலை. இதற்கு ஒரு ரூபாய் நாணயத்திற்கு மேல் கருவி தேவையில்லை. மாடிப்படியில் நின்றபடியே செய்யலாம்.

நான்காவது, எடுத்துரைத்தல். வாரந்தோறும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர், அவ்வாரப் பாடத்தின் ஒரு கருத்தை மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்து தம் குழுவுக்கு அனுப்பவேண்டும். எம்மொழியிலும் பேசலாம். இந்தியிலும் போஜ்புரியிலும் வந்தவற்றை யாம் கேட்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது மூடிக்கிடந்த குழப்பம் தாய்மொழியில் பேசும்போது வெளிப்பட்டுவிடுகிறது. குழப்பம் தெரிந்தால் திருத்திவிடலாம்.

ஐந்தாவது, பழைய பழுப்புக் கட்டு. மாணவர் கையால் எழுதிய விடையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்ப, குறிப்பெழுதி ஏழு நாளுக்குள் திருப்புகிறோம். வாரத்துக்கு 64 தாள் எம்மால் இயலாது. ஆதலால் வாரத்துக்கு 16 தாள் திருத்துகிறோம். நான்கு வாரத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒருமுறை எம் கையெழுத்துப் போய்ச் சேரும். இரண்டாம் வாரத்தின் இறுதியில் எதையும் அனுப்பாதவர் யார் என்று பட்டியலிட்டு, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைக்கிறோம். ஏன் அனுப்பவில்லை என்று கடிந்து கேட்பதில்லை. அங்கே நிலைமை என்ன என்று கேட்கிறோம்.

எழுந்த தடைகள்

இவையெல்லாம் எதிர்ப்பின்றி நடந்தன என்று கூறமாட்டோம். “சார் பாடமே நடத்துவதில்லை, எங்களையே எல்லாம் செய்யச் சொல்கிறார்” என்று சில மாணவர் முறையிட்டனர். அம்முறையீட்டை யாம் வெறுக்கவில்லை. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில், தாமே முயன்று கற்ற மாணவர் தேர்வில் மிகுதியாகக் கற்றிருந்தனர். ஆனால் தாம் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர். நல்ல விரிவுரையைக் கேட்பது இனிது. எல்லாம் விளங்கியதுபோல் தோன்றும். தாமே தடுமாறிக் கற்பது கசப்பு. இவ்வுண்மையைப் பருவத்தின் முதல் நாளிலேயே மாணவரிடம் விளக்கிச் சொன்னபின் முறையீடு குறைந்தது.

இன்னொரு தடை எம்மால் தீர்க்கக்கூடியதன்று. 64 பேருக்கு ஓர் ஆசிரியர் இதனைச் செய்யலாம். ஆயிரம் பேருக்கு இயலாது. இணைய வகுப்பு என்றாலே செலவில்லாத வகுப்பு என்று கருதும் மனப்போக்கு பரவிவிட்டது. விரிவுரையை ஒருமுறை பதிவு செய்தால் பல்லாண்டு பயன்படும் என்பது மெய்யே. அவ்வாறு மிஞ்சும் பணத்தையும் நேரத்தையும் தாள் திருத்தவும் மாணவரோடு உரையாடவும் துணையாசிரியரை அமர்த்துவதில் செலவிட வேண்டும். இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவரைச் சேர்த்தபோதே, தொலைக்காட்சிப் பாடத்தோடு நில்லாமல், விடைத்தாளைத் திருத்திக் குறிப்பெழுதும் துணையாசிரியரையும் ஏற்பாடு செய்தது. படக்காட்சியைப் பலரும் பின்பற்றினர். துணையாசிரியரைப் பின்பற்றியோர் சிலரே.

இத்தனைக்குப் பிறகும் எம் வகுப்பில் இடையில் நின்றுவிடுவோர் உண்டு. மகப்பேறு, வேலையிடமாற்றம், கடன் எனக் காரணங்கள் பல. ஆனால் எவர் ஏன் நின்றார் என்பதை இப்போது அறிகிறோம். சிலரை அடுத்த பருவத்தில் மீண்டும் வரச் செய்யவும் முடிகிறது.

நம் இல்லங்களில் செய்யத்தக்கது

இம்மலரைப் படிக்கும் பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை திரையின்முன் அமர்ந்திருப்பதாலேயே படிக்கிறது என்றும், பேசாதிருப்பதாலேயே படிக்கவில்லை என்றும் கொள்ளாதீர்கள். இரவு உணவின்போது, “இன்று என்ன கற்றாய்? எனக்குச் சொல்” என்று கேளுங்கள். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. தெரியாதிருத்தல் இன்னும் நன்று. தெரியாதவருக்கு விளங்கச் சொல்லும்போதுதானே முனிவர் கூறிய அரைப்பங்கு நிறைகிறது! நம் சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அறை, நான்கு மேசை, தடையில்லா இணையம், மாணவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க ஓய்வுபெற்ற பெரியோர் இருவர் என இவ்வளவு இருந்தால், மாடிப்படியில் நின்று படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் உள்ளே வந்து அமர்வார்கள். இதே நகரில் நம்மோடு வாழ்ந்தும் நம் விழாக்களுக்கு வராத தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

அம்மாணவி 2023இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் மீண்டும் முதலாண்டிலிருந்து சேர்ந்தார். இழந்த ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலாது. பகலில் கடை, இரவில் படிப்பு. இப்போது அவருக்குத் தனிக் கைப்பேசி இருக்கிறது. எழுதிய விடைகளைச் சில வேளை எமக்குப் படமெடுத்து அனுப்புவார். யாம் குறிப்பெழுதி அனுப்புவோம். பாடத்தை யாருக்கு எடுத்துச் சொல்கிறாய் என்று ஒருமுறை கேட்டோம். அம்மாவுக்குத்தான், காய் நறுக்கும்போது, என்றார்.

சென்ற மாதம் வந்த விடைத்தாளின் ஓரத்தில் அவருடைய தாயார் கேட்ட வினா ஒன்றை எழுதியிருந்தார். “இருபது பேர் சேர்ந்த குலுக்கல் சீட்டுல என் பேரு இருபதாவது மாசந்தான் வந்துச்சு. அது என் தலையெழுத்தா, இல்ல கணக்கா?” முதல் மாதம் பெயர் வருவதற்கும் இருபதாம் மாதம் வருவதற்கும் வாய்ப்பு ஒன்றே என்று நிறுவி, மகளே அதன்கீழ் விடையும் எழுதியிருந்தார். விடை சரி. ஆனால் இரண்டாம் படி அம்மாவுக்கு நம்பிக்கை தரவில்லையாம். என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அந்த வினாவை அடுத்த பருவத்தின் முதல் வகுப்பில் கேட்பதற்காக எடுத்து வைத்திருக்கிறோம். கேட்டுவிட்டுத் தண்ணீர் அருந்தியபடி காத்திருப்போம்.